பதின்ம வயதினருக்கு இரவு ஊரடங்கு: அரசு போடலாமா?

நிலாமுற்றம் (கேள்வி):
கல்லூரிப் பட்டிமன்றத்துக்கு இதுதான் தலைப்பு. ஒட்டிப் பேசும் அணி ஐஸ்லாந்தைக் காட்டுகிறது, வெட்டிப் பேசும் அணி அமெரிக்காவைக் காட்டுகிறது. இரண்டு இடத்திலும் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? குற்றம் குறைந்ததா? பொத்தாம்பொதுவாக இல்லாமல், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தராசு:
அமெரிக்காவில் அதிகம் அலசப்பட்டது வாஷிங்டன் டிசியின் 1995 சட்டம். அது வந்தபோது, 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஞாயிறு முதல் வியாழன் வரை இரவு 11 மணிக்கு மேல் வெளியே நிற்கக் கூடாது என்றிருந்தது. வெள்ளி, சனிக்கு 12 மணி. விடிகாலை 6 வரை தடை. ஜூலை, ஆகஸ்டில் மட்டும் எல்லா நாளும் 12 மணிதான்.

இந்தக் கோடை விலக்கு ஆய்வாளர்களுக்கு வாய்ப்பாகிவிட்டது. செப்டம்பர் 1 அன்று வார நாட்களில் நேரம் 12-லிருந்து 11-க்கு இறங்கியது. வார இறுதியில் மாறவில்லை. ஜிலியன் கார், ஜெனிஃபர் டோலியாக் இருவரும் அந்த 11 முதல் 12 வரையிலான ஒரு மணி நேரத்தை மட்டும் எடுத்து, தேதிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். துப்பாக்கிச் சூடு குறையவில்லை, சுமார் 150% கூடியிருந்தது. தெரு காலியானால் பார்க்கிற கண்ணும் குறையும், வம்பு செய்பவனுக்கு அதுதான் வசதி என்பது அவர்கள் தரும் விளக்கம். தரவு முக்கியம்: சத்தத்தை வைத்துச் சூட்டைக் கண்டுபிடிக்கும் ஒலி உணரிகளின் பதிவு அது. தொலைபேசிப் புகார்களை நம்பியிருந்தால், தெருவில் ஆளே இல்லாதபோது புகாரும் குறைந்து, ஊரடங்கு ஜெயித்த மாதிரியே தெரிந்திருக்கும்.

ஆனால் மேடையில் 150% என்று முழங்குவதற்கு முன், அது ஒரே ஊரின் ஒரு மணி நேரக் கணக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள். பேட்ரிக் க்ளைன் என்ற பொருளாதார ஆய்வாளர் 2012-ல் பல நகரங்களை எடுத்து, சட்டம் வந்த பின் அந்த வயதினரின் கைதுகள் குறைந்ததாகக் காட்டினார். கைது வேறு, குற்றம் வேறு. எதிரணி அந்த இடத்தில்தான் பிடிக்கும். 2016-ல், பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கேம்ப்பெல் அமைப்பு 12 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் விளைவு ஏறக்குறைய பூஜ்யம்.

வடக்குக்காற்று:
ஐஸ்லாந்து விஷயத்தில் பலர் சறுக்குவது இங்கேதான். அங்கே இது குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒரு பிரிவு, குற்றச் சட்டம் இல்லை. 12 வயது வரை இரவு 8 மணி, 13 முதல் 16 வரை 10 மணி. மே 1 முதல் செப்டம்பர் 1 வரை இரண்டு மணி நேரம் கூடுதல். கோடையில் அங்கே இருட்டுவதே அரிது. வயதைப் பிறந்தநாளை வைத்துப் பார்ப்பதில்லை, பிறந்த ஆண்டை வைத்துத்தான். அதனால் ஒரே வகுப்பில் ஒருவனுக்கு 8, பக்கத்தில் இருப்பவனுக்கு 10 என்ற குழப்பம் பெரும்பாலும் வராது. பெற்றோர் நேரத்தை இறுக்கலாம், தளர்த்த முடியாது.

15–16 வயதினரில் முந்தைய மாதம் குடித்துப் போதையானவர்கள் 1998-ல் 42%, 2016-ல் 5%. இதை ஊரடங்கின் கணக்கில் எழுதுவது தப்பு. அதே காலத்தில் பெற்றோர் குழுக்கள் இரவில் தெருவைச் சுற்றிவந்தன, ஆண்டுதோறும் பள்ளிகளில் கருத்துக்கணிப்பு நடந்தது, விளையாட்டு, இசை வகுப்புக் கட்டணத்துக்கு ரெய்க்யவிக் நகராட்சி பணம் கொடுத்தது. பத்து மணிக்குப் பிள்ளை வீட்டில் இருப்பதற்கு முன், ஐந்து மணிக்கு அவன் போக ஓர் இடம் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு கடிகாரத்தை மட்டும் இறக்குமதி செய்தால் டிசி கதைதான்.

கறுப்பு அங்கி:
சட்டப் பக்கம் சுருக்கமாக. நீதிமன்றங்கள் பெரும்பாலும் உரசிப் பார்ப்பது விதிவிலக்குகளைத்தான். டிசி சட்டம் 1999-ல் மேல்முறையீட்டில் தப்பியது. வேலைக்குப் போய்வருவது, பெற்றோர் சொன்ன வேலையாகப் போவது, அவசரநிலை, பள்ளி அல்லது மத நிகழ்ச்சி, வீட்டு வாசல் நடைபாதை, கருத்துரிமை எல்லாம் அதில் விலக்கு பெற்றிருந்தன. நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரச் சட்டத்தில் பெற்றோர் சம்மதத்துக்கே இடமில்லை. 2009-ல் அந்த மாநிலத்தின் உயர்மட்ட நீதிமன்றத்தில் விழுந்தது.

பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2017-ல் மூன்று ஊர்ச் சட்டங்களை ஒன்றாக எடுத்தது. மணிலாவும் நவோத்தாசும் தோற்றன, விலக்குகள் விரிவாக இருந்த கியூசான் சிட்டி மட்டும் நின்றது. மணிலாவுக்கு இன்னொரு அடி: பிள்ளைக்கே தண்டனை வைத்திருந்தார்கள், அந்நாட்டுச் சிறார் சட்டப்படி அது ஆகாது. பிரான்சில் பெசியே நகர மேயர் 2014-ல் 13 வயதுக்குக் கீழே போட்ட தடையை அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2018-ல் ரத்து செய்தது. அந்த வயதினரால் அங்கே தனி ஆபத்து இருந்ததற்குச் சான்று காட்டவில்லை என்பதே காரணம்.

இனி ஒரு நகராட்சி எழுதுவதானால் முதல் கேள்வி மணி அல்ல, பிடித்த பிள்ளையை எங்கே கொண்டுபோவது என்பதுதான். பெற்றோர் இரவுப்பணியில் இருந்தால் யார் வாங்கிக்கொள்வது? இதற்குப் பதில் எழுதப்படாத சட்டத்தில் பிள்ளை விடியும்வரை காவல்நிலையப் பெஞ்சில் உட்காரும், பிடித்த காவலரும் ரோந்துக்குப் போக முடியாமல் கூடவே உட்காருவார்.

நிலாமுற்றம்:
நன்றி. அப்படியென்றால் ஒட்டிப் பேசுகிறவர்களுக்கு வாதமே இல்லையா?

தராசு:
இருக்கிறது, ஆனால் "குற்றம் குறையும்" என்பதை விட்டுவிடச் சொல்லுங்கள். அமெரிக்காவில் பள்ளி நாட்களில் சிறார் வன்முறை உச்சம் தொடுவது பிற்பகல் 3 மணியை ஒட்டி, பள்ளி விட்டதும். எதிரணி அதை எடுத்தால் பதில் கிடையாது. டெக்சாஸ் 2023-ல் நகரங்கள் இத்தகைய தடை போடுவதையே மாநில அளவில் நிறுத்திவிட்டது, அதையும் எடுப்பார்கள். "வேண்டாம் என்று சொல்லத் தயங்கும் பெற்றோருக்கு ஊர்முழுக்க ஒரே நேரம் கைகொடுக்கும்" என்பதில் நிற்கச் சொல்லுங்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் அந்த நேரப் பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தமாக அச்சடித்து வீட்டுக்கு அனுப்பியது அதற்காகத்தான்.