200 மெஷ் என்றால் எவ்வளவு நைசு? சல்லடையோடு பழகியவர்களின் அனுபவங்கள்

கரூர் பக்கம், கனிமப் பொடி மில்

எங்கள் மில்லில் ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் கல்லை அரைத்துப் பீங்கான் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறோம். ஆர்டர் பெரும்பாலும் ஒரே வரியில் வரும்: "200 மெஷ் பவுடர், இத்தனை டன்." அந்த ஒரு வரியால் ஒரு முழு லோடு திரும்பி வர இருந்தது. எங்கள் லேபில் சலித்தபோது சல்லடைக்கு மேலே நின்றது 1 சதவீதம்கூட இல்லை. வாங்கியவரின் லேபில் அதைப்போலப் பல மடங்கு நின்றது. இரண்டு பக்கமும் நேர்மையாகத்தான் எடை போட்டிருந்தார்கள்.

நேரில் போய் இரண்டு சல்லடையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. மெஷ் எண் சொல்வது ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண் இருக்கிறது என்பதை மட்டும்தான். கண் எவ்வளவு அகலம் என்று அது சொல்லாது. அங்குலம் 25.4 மி.மீ.; அதை 200 ஆல் வகுத்தால் 127 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மி.மீ.). ஒரு கண்ணும் அதை ஒட்டிய கம்பியும் சேர்ந்த அளவு அது. கம்பி 52 மைக்ரான் என்றால் கண் 75 மைக்ரான். கம்பி 60 மைக்ரான் என்றால் கண் 67தான் வரும். இரண்டையும் கடையில் 200 மெஷ் என்றே விற்பார்கள். எங்களுடையது 75 மைக்ரான் என்று முத்திரை உள்ள சோதனைச் சல்லடை. அவர்களுடையது வலை வாங்கிச் சட்டத்தில் கட்டியது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கண் நன்றாகவே சிறியது.

இன்னொரு காரணமும் இருந்தது, எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. அவர்கள் பொடியை உலர்வாகச் சலித்தார்கள். இவ்வளவு நைசான பொடி ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகும், கண்ணையும் அடைத்துக்கொள்ளும். உருண்டை மேலே நின்றால் அதையும் பெரிய துகள் என்றுதான் கணக்கில் எடுப்போம். நாங்கள் தண்ணீர் விட்டு அலசிச் சலித்து, மேலே நின்றதைக் காயவைத்து எடை போடுகிறோம். அவர்கள் முன்னாலேயே அதே பொடியை அலசிக் காட்டினோம், மேலே நின்றது முன்பு நின்றதில் பாதிகூட இல்லை. இப்போது ஆர்டரில் மெஷ் எண்ணே கிடையாது. "75 மைக்ரானில் ஈரச் சலிப்பு, 98 சதவீதம் இறங்க வேண்டும்" என்று எழுதி வாங்குகிறோம். கண் அளவு, முறை, சதவீதம் மூன்றும் இல்லாத ஆர்டரை எடுக்காதீர்கள் என்று புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகளிடம் சொல்லி வருகிறேன்.

கோவை, கட்டுமானப் பொருள் லேப்

அண்ணன் சொன்ன தொல்லை எங்கள் பக்கம் குறைவு. மணலுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 383 சல்லடையை மி.மீ.யிலும் மைக்ரானிலும்தான் சொல்கிறது: 4.75, 2.36, 1.18 மி.மீ., அப்புறம் 600, 300, 150 மைக்ரான். ஏறத்தாழ ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி.

எங்கள் சிக்கல் வேறு, ஒற்றை எண்ணை நம்புவது. வீடு கட்டும் ஒருவர் இரண்டு குவாரி எம் சாண்ட் கொண்டுவந்தார். இரண்டுக்கும் ஃபைன்னெஸ் மாடுலஸ், அதாவது மணல் மொத்தத்தில் எவ்வளவு பருமன் என்று சொல்லும் எண், 2.8ஐ ஒட்டியே வந்தது. ஆறு சல்லடையிலும் மேலே நிற்கும் சதவீதங்களை அடுக்கடுக்காகக் கூட்டி 100 ஆல் வகுப்பதுதான் அந்த எண். 600 மைக்ரான் சல்லடையில் இறங்கிய அளவும் இரண்டிலும் 45 சதவீதத்தைச் சுற்றித்தான். அந்தச் சல்லடையை மட்டும் பார்த்தால் அந்தத் தரநிலை மணலைப் பருமன்படி பிரிக்கும் மண்டலங்களில் இரண்டாவதற்கான 35 முதல் 59 சதவீதத்துக்குள் இரண்டும் அடங்கும். ஆனால் கொத்தனார், "இந்த மணல்ல கலவை கையில நிக்கல சார், தண்ணி தனியா பிரியுது" என்று ஒரு மணலை மட்டும் குறை சொன்னார். ஒவ்வொரு தட்டிலும் நின்றதைத் தனித்தனியே பார்த்தால் அவர் சொன்னது சரி. அந்த மணலில் 1.18 மி.மீ.க்கும் 300 மைக்ரானுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பெரியதும் பொடியும் மட்டும். கூட்டுத்தொகையில் இந்த ஓட்டை மறைந்துவிடுகிறது, வரைபடம் போட்டால் உடனே தெரிகிறது. ரிப்போர்ட் வாங்குகிறவர்கள் கடைசி எண்ணோடு நிறுத்தாமல் முழு அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள்.

நாகர்கோவில், சித்த மருந்து தயாரிப்பு

சூரணத்தை வஸ்திரகாயம் செய்வது, அதாவது துணியில் சலிப்பது, எங்கள் பழைய வழக்கம். இப்போது அளவு மாறாமல் இருக்க 150 மைக்ரான் சல்லடை வைத்திருக்கிறோம். திரிகடுகுச் சூரணத்தில் தொந்தரவு இல்லை. அதிமதுரத்தில்தான் சந்தேகம் வந்தது. சலித்து எடுத்த பொடி நாக்கில் நார் நாராகத் தட்டுகிறது. லென்ஸில் பார்த்தால் அரை மி.மீ.க்கு மேல் நீளமான இழைகள். சல்லடை கிழியவும் இல்லை.

கரூர் பக்கம், கனிமப் பொடி மில்

உங்கள் சல்லடை சரியாகவே வேலை செய்கிறது ஐயா. துகளின் நீளத்தைச் சல்லடை அளக்காது. நீள இழை நிமிர்ந்து நின்றால் அதன் தடிமன் மட்டும் கண்ணுக்குள் அடங்கினால் போதும், ஊசி மாதிரி நேராக இறங்கிவிடும். மைக்கா கலந்த கல்லில் எங்களுக்கு நேர்மாறாக நடக்கும்: தகடு மெல்லியதாக இருந்தும் அகலத்தால் மேலேயே நிற்கும். எவ்வளவு நேரம் ஆட்டுகிறீர்களோ அவ்வளவு இழைகள் நிமிர்ந்து இறங்க வாய்ப்புக் கிடைக்கும். அதனால் அதிமதுரத்துக்கு நேரத்தைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் அதே நேரம், அதே எடை என்று வைத்துப் பாருங்கள். அரைப்பதற்கு முன் நன்றாகக் காயவைத்தால் நார் ஒடிந்து பொடியும். அதற்குப் பிறகும் நார் தட்டினால் இன்னும் சின்னக் கண் சல்லடைக்குப் போவதைவிட, அரைக்கும் முறையை மாற்றுவதுதான் பலன் தரும்.