புதுப்பிப்பு: லினக்ஸில் ஜப்பானிய உள்ளீடு வந்துவிட்டது

கேடிஇ டெஸ்க்டாப்பில், திரையைக் கையாளும் புதிய முறையான வேலேண்டில், மோஸ்க் (Mozc, தட்டுவதை ஜப்பானிய எழுத்தாக மாற்றும் மென்பொருள்) நிறுவியும் ஹிரகானா (ஜப்பானிய மொழியின் அடிப்படை எழுத்து வரிசை) வரவில்லை என்று கேட்டிருந்தேனே, சரியாகிவிட்டது. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குள் 'விர்ச்சுவல் கீபோர்டு' என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்தால் தொடுதிரைக்கானது என்றுதான் தோன்றும், ஆனால் மோஸ்கை இயக்கும் உள்ளீட்டு மென்பொருளான எஃப்சிஐடிஎக்ஸ் 5-ஐ (Fcitx 5) அங்கேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய வழிகாட்டிகள் வைக்கச் சொல்லும் சூழல் மாறிகளில் (செயலிகள் தொடங்கும்போது படிக்கும் அமைப்புகள்) ஜிடிகே, க்யூடி என்ற, செயலிகளின் சாளரங்களை உருவாக்கும் இரண்டு நிரல் தொகுப்புகளுக்கும் உரியவற்றை எடுத்துவிட்டேன். எக்ஸ்மாடிஃபையர்ஸ் (XMODIFIERS) என்ற மாறி மட்டும், எக்ஸ்வேலேண்ட் வழியாக வேலேண்டில் ஓடும் பழைய வகைச் செயலிகளுக்காக இருக்கட்டும். அப்புறம் ஒருமுறை லாக் அவுட், அவ்வளவுதான்.

ஒரு அரட்டைச் செயலி மட்டும் முரண்டு பிடித்தது. எலக்ட்ரான் வகை (குரோமியம் உலாவியின் மேல் கட்டப்பட்டது) என்பதால் 'எனேபிள் வேலேண்ட் ஐஎம்இ' (--enable-wayland-ime) ஆப்ஷனோடு திறக்க வேண்டியிருக்கிறது.

கட்டகானா (பெரும்பாலும் பிறமொழிச் சொற்களுக்கான ஜப்பானிய எழுத்து வரிசை) எப்படி என்று கேட்டவருக்கு: தட்டிவிட்டு, என்டர் அழுத்தும் முன் எஃப்7. ஹிரகானாவுக்குத் திரும்ப எஃப்6.