காற்றில் விழுந்த நாரைக் குஞ்சு: என்ன கொடுப்பது?

மேலத்தெரு மாரி:
பறவைகள் சரணாலயம் இருக்கிற கூந்தன்குளத்தில் அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன். ராத்திரி அடித்த ஆனிக் காற்றில் எதிரே நிற்கிற வேப்பமரத்திலிருந்து ஒரு மஞ்சள்மூக்கு நாரைக் குஞ்சு விழுந்துவிட்டது. கூடு எட்டாத உயரம். கிட்டே போனதும் தின்ற மீனையெல்லாம் கக்கிவிட்டுக் கழுத்தைத் தரையோடு போட்டுப் படுத்துக்கொண்டது, செத்துப்போச்சு என்றே நினைத்தோம், கொஞ்ச நேரத்தில் பார்த்தால் எழுந்து நிற்கிறது! கால் இரண்டும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருக்கிறது, நோயா? அத்தை பால் கொடுக்கச் சொல்கிறார்கள். இப்போது என்ன செய்ய?

குளத்தங்கரை:
பால் வேண்டவே வேண்டாம் தம்பி, பறவைக்குச் செரிக்காது. வாயில் தண்ணீரும் ஊற்றாதீர்கள், நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் திறப்பு இருக்கிறது, நேரே நெஞ்சுக்குள் போய்விடும். மிரண்டால் கக்கிவிட்டுச் செத்தது போலப் படுப்பது இந்தக் குஞ்சுகளின் வழக்கம், அதை நம்பிக் குப்பையில் போட்டவர்களும் உண்டு, நினைத்தாலே வயிறு எரிகிறது. காலில் இருப்பது அதன் எச்சம்தான். வெயில் தாங்காமல் தானே காலில் எச்சமிட்டுச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அப்படியென்றால் அதற்கு வெக்கையாக இருக்கிறது, முதலில் நிழலுக்குக் கொண்டுபோங்கள். வெறும் சிமெண்டுத் தரையில் விடாதீர்கள், பாதம் புண்ணாகிவிடும், சாக்கு விரித்து அதன்மேல் வைக்கோல் போடுங்கள்.

மீனைத் தொண்டையில் திணிக்க வேண்டாம். தாய்ப்பறவை கூட்டிலேயே மீனைக் கக்கிப் போடும், குஞ்சு தானாகக் கொத்தித் தின்னும். அதனால் விரல் நீள மீனாகப் பார்த்து ஒரு தாம்பாளத்தில் முன்னால் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். ஜிலேபி கெண்டை என்றால் முதுகு முள்ளை நறுக்கிவிடுங்கள். கருவாடு, உப்பு பட்ட மீன் ஆகாது.

கருவேலங்காடு:
அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், அங்கே கூழைக்கடாக் குஞ்சும் விழும், கொத்துகிறதே என்று அதன் அலகைக் கயிற்றால் கட்டிவிடாதீர்கள். கூழைக்கடா வாய் வழியாகத்தான் மூச்சுவிடும், கட்டினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். அப்புறம், எதையும் வீட்டில் வைத்து வளர்க்க நினைக்காதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தராது, மனிதக் கையையே நம்பி வளர்ந்த குஞ்சு அப்புறம் குளத்தில் பிழைக்காது. விழுந்த குஞ்சுகளைப் பறக்கிற வரைக்கும் சரணாலயத்தில் வைத்துப் பார்க்கிறார்கள், இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

மேலத்தெரு மாரி:
நிழலுக்கு மாற்றி ஒரு மணி நேரம் கழித்துக் பொடிக் கெண்டை மீன் வைத்தேன். முதலில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் போன பிறகு ஒன்றொன்றாக எடுத்து, தலையை மேலே தூக்கி விழுங்கியது, நான்கு மீன். மத்தியானமே வனக்காப்பாளர் வந்து கூடையில் வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் போய்ப் பார்த்தேன், இன்னும் மூன்று குஞ்சுகளோடு நிற்கிறது. அத்தையும் கூட வந்தார்கள், நாளைக்கு மீன் வாங்கிவர வேண்டுமா என்று அங்கேயே கேட்டுவிட்டார்கள்.