ஆல்வின் கமாராவை நான்காவது சுற்றில் எடுக்கலாமா?

சனிக்கிழமை எங்கள் ஃபேண்டஸி ஃபுட்பால் டிராஃப்ட்: அமெரிக்கக் கால்பந்தின் நிஜ வீரர்களைச் சுற்றுச் சுற்றாக முறை வைத்து எடுத்து, அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு. 12 அணிகள், ஒரு கேட்சுக்கு அரைப் புள்ளி. என் முறை வரும்போது நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்காகப் பந்தை ஏந்தி ஓடும் கமாரா மிஞ்சியிருப்பார் போலிருக்கிறது. எடுப்பதா, விடுவதா என்று முடிவுக்கு வர முடியவில்லை.

2025 ஜூலையில் அவருக்கு 30 வயது முடிந்துவிட்டது. 2017-ல் ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 6.1 யார்டு, 2024-ல் 4.2. 2024 சீசனில் தொடையிடுக்குக் காயத்தால் 14 ஆட்டங்களோடு சரி. ஆனாலும் 950 யார்டு ஓடி, 68 கேட்ச் பிடித்திருக்கிறார். கால் தளர்ந்தாலும் கை தளரவில்லை.

பழைய சீசன் கணக்குகளைப் பார்த்தேன், ஆட்டப் பதிவுகளைப் பார்த்தேன், மாதிரி டிராஃப்டும் ஓட்டினேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பதில் சொல்கிறது. அப்புறம், அவருக்குப் பந்து வீசிய டெரெக் கார் 2025-ல் ஓய்வு பெற்றுவிட்டார், அதே வருடம் கெல்லன் மூர் புதுப் பயிற்சியாளராக வந்தார். அதனால் பழைய கேட்ச் கணக்கை நம்பவும் தயக்கம். 2020 கிறிஸ்துமஸ் அன்று கமாரா அடித்த ஆறு டச்டவுனை (பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டுவது) இன்னும் மறக்காதவன் நான், அந்தப் பாசம் வேறு.

புதுப் பயிற்சியாளரின் கீழ் கமாராவுக்குப் பழையபடி கேட்ச் கிடைக்கும் என்று நம்பி நான்காவது சுற்றைச் செலவழிப்பீர்களா?