ஒரே சம்பளத்தில் குடும்பம், 41 வயதில் எலெக்ட்ரீஷியன் படிப்பு: பணத்துக்கு என்ன வழி?

பீனிக்ஸ்_வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் பீனிக்ஸ் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு 41 வயது. 11 வருடம் ஒரு கிடங்கில் டிஸ்பேட்ச் வேலை, மாதம் 12,000 ராண்ட். 2025 அக்டோபர் கடைசியோடு ஆட்குறைப்பில் நிறுத்திவிட்டார்கள். இனி என் சம்பளம் ஒன்றுதான். பிடித்தத்துக்கு முன் 21,500, கைக்கு வருவது 17,800.

செலவு: வீட்டு பாண்ட் (வீட்டுக்கடன்) 6,400, அவர் பெயரில் இரண்டு கடை அக்கவுண்ட்டும் ஒரு பர்சனல் லோனும் சேர்த்து 2,350, முனிசிபாலிட்டி பில் 1,900, சாப்பாடு 4,200, பிள்ளைகளின் பள்ளி 1,500, பெட்ரோலும் இன்சூரன்ஸும் 1,450. சரியாக 17,800. ஒரு காசு மிஞ்சாது.

கையில் இருப்பது செவரன்ஸ் 11 வாரச் சம்பளம், ஏறக்குறைய 30,500. ஓய்வூதிய நிதியில் சேமிப்புப் பங்கு (ஓய்வுக்கு முன்பே எடுக்கக்கூடிய பகுதி) 14,000 என்று காட்டுகிறது.

அவர் மெட்ரிக் (12ஆம் வகுப்பு) முடித்தவர். ஐந்து வருடமாகச் சனி, ஞாயிறு மச்சானோடு வீட்டு வயரிங் வேலைக்குப் போகிறார். முறைப்படி எலெக்ட்ரீஷியன் ஆகிவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு தனியார் காலேஜ் 18 மாதப் படிப்புக்கு 46,000 கேட்கிறது, பாதியை முன்பணமாகக் கட்டவேண்டுமாம். கட்டலாமா? வீட்டை எப்படி ஓட்டுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உம்பிலோ_கணக்கர் பதில்:

தங்கச்சி, முன்பணத்தை இப்போது கட்டாதீர்கள். படிப்பைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் பணத்தை மட்டும் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு ஆபத்து ஃபீஸால் வராது, உதவிப் பணம் வந்துசேரும் வரை ஓட்டவேண்டிய மூன்று நான்கு மாதத்தில்தான் வரும். அந்த மாதங்களுக்கு உங்களிடம் இருப்பது இந்த 30,500 மட்டுமே.

முதலில் யூ.ஐ.எஃப்., அதாவது வேலையிழந்தோர் காப்பீட்டு நிதி. நான்கு நாள் வேலைக்கு ஒரு நாள் கிரெடிட் என்ற கணக்கில், நான்கு வருடத்துக்கு மேல் விடாமல் கட்டியவருக்கு முழு 365 நாளும் கிடைக்கும். 12,000 சம்பளத்துக்கு ஏறக்குறைய 40 விழுக்காடு, அதாவது மாதம் 4,800 அளவில். இது முதல் 238 நாளுக்கு. அதன்பின் 20 விழுக்காடாக இறங்கிவிடும், 2,400தான். எட்டாவது மாதம் முடியும்போது வரவு பாதியாகும் என்பதை இப்போதே கேலண்டரில் குறித்து வையுங்கள். வேலை போன 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். பெரும்பாலும் தாமதமாவது யூ.ஐ.19 படிவத்தால்தான். பழைய முதலாளி அதை அனுப்பியிருக்கவேண்டும், நின்ற காரணமாக ஆட்குறைப்பு என்றே போட்டிருக்கவேண்டும். தவறுதலாக ராஜினாமா என்று பதிந்திருந்தால் கிளெய்ம் நின்றுவிடும். நகலைக் கேட்டு வாங்கி, காரணக் கட்டத்தை உங்கள் கண்ணால் பாருங்கள்.

அடுத்ததை நம் ஆட்களில் பலர் கேட்பதே இல்லை, எனக்கு அது பெரிய ஆதங்கம். கடை அக்கவுண்ட், பர்சனல் லோன் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வரிவரியாகப் பாருங்கள். கிரெடிட் லைஃப், கஸ்டமர் புரொடெக்ஷன் என்று ஏதோ ஒரு பெயரில் மாதம் முப்பது, ஐம்பது ராண்ட் ஓடிக்கொண்டிருக்கும். அது சாவுக்கு மட்டுமான இன்சூரன்ஸ் இல்லை. 2017இல் வந்த விதிகளின்படி, தானாக வேலையை விடாமல் வேலை இழந்தவருக்கு, அடமானம் இல்லாத கடன்களில் 12 மாதம் வரையான தவணையை அது கட்டவேண்டும். இடையில் வேலை கிடைத்தாலோ கடன் முடிந்தாலோ அத்தோடு நிற்கும். கிளெய்முக்கு வேண்டியவை: ஆட்குறைப்புக் கடிதம், யூ.ஐ.19, ஐ.டி. நகல், கடைசி மூன்று பே ஸ்லிப். ஒவ்வொரு கடனுக்கும் தனித்தனி கிளெய்ம். கடன் அவர் பெயரில் இருப்பதால் உங்கள் 2,350 முழுவதும் இதில் அடங்க வாய்ப்புண்டு. கிளெய்ம் ஒப்புக்கொள்ளும் வரை தவணையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பாக்கி ஏறும், இன்சூரன்ஸும் அறுந்துபோகும்.

அந்த 14,000ஐ பிப்ரவரிக்குள் தொடாதீர்கள். சேமிப்புப் பங்கில் எடுப்பது அந்த வரியாண்டின் வருமானத்தோடு கூடும். மார்ச் முதல் அக்டோபர் வரை எட்டு மாதம், 96,000 சம்பாதித்துவிட்டார். 65 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு 2025/26இன் வரியில்லா வருமான வரம்பு 95,750. வரம்பு தாண்டியாயிற்று, இனி எடுக்கும் ஒவ்வொரு ராண்டுக்கும் 18 சென்ட் வரி. 14,000இல் 2,520 போகும். 2026 மார்ச் 1 ஆனதும் புது வரியாண்டு, கணக்கு சுழியிலிருந்து ஆரம்பம். யூ.ஐ.எஃப். பணத்துக்கு வரி கிடையாது. அப்போது எடுத்தால், நிதி நிறுவனம் பிடித்தாலும் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். சார்ஸில் (வரித்துறை) பழைய பாக்கி இருந்தால் மட்டும் முதலில் அதைக் கழித்துக்கொள்வார்கள். வரியாண்டுக்கு ஒருமுறைதான் எடுக்க முடியும், குறைந்தது 2,000.

சிவப்பு_முத்திரை பதில்:

எலெக்ட்ரிக்கல் டிரேட் பக்கம் நான் சொல்கிறேன் அக்கா.

அந்தக் காலேஜை ஒரே கேள்வி கேளுங்கள்: "18 மாதம் முடிந்ததும் இவர் டிரேட் டெஸ்ட்டுக்கு உட்கார முடியுமா?" டிரேட் டெஸ்ட் என்பது எலெக்ட்ரீஷியன் தகுதிக்கான இறுதித் தேர்வு. அவர்கள் தருவது தியரி மட்டும் என்றால் முடியாது. அங்கீகரித்த இடத்தில் வேலை பார்த்து, பொறுப்பாளர் கையெழுத்திட்ட லாக்புக் (செய்த வேலைகளின் பதிவேடு) வேண்டும். 46,000 கட்டி, சர்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை கற்றுத்தரும் இடம் தேடி அலைகிறவர்கள் ஏராளம்.

வழி இரண்டு. ஒன்று அப்ரென்டிஸ்ஷிப்: பதிவுபெற்ற கான்ட்ராக்டரோடு செய்து, சீட்டாவில் (துறைவாரித் தொழிற்பயிற்சி அமைப்பு) பதிந்த ஒப்பந்தம், வேலையும் படிப்பும் சேர்ந்து ஏறக்குறைய மூன்று வருடம், சிறிது சம்பளமும் உண்டு. மற்றது ஏ.ஆர்.பி.எல்., அதாவது முன்அனுபவத்தை அங்கீகரிப்பது: ஏற்கனவே தெரிந்த தொழிலை மதிப்பிட்டு, குறையை மட்டும் பயிற்சியால் நிரப்பி, டிரேட் டெஸ்ட்டுக்கு அனுப்புவது.

இரண்டாவது வழியில் ஒரு கணக்கை நேராகப் பார்க்கவேண்டும். வாரம் இரண்டு நாள், ஐந்து வருடம் என்றால் சுமார் 500 நாள். முழுநேர வேலையாகப் பார்த்தால் இரண்டு வருடம்தான். பொதுவாக மூன்று நான்கு வருட அனுபவம் கேட்பார்கள். ஆகவே இன்னும் ஒன்று, இரண்டு வருடம் முழுநேரமாக ஒரு கான்ட்ராக்டரிடம் இருக்கவேண்டி வரும். மச்சான் தொழிலாளர் துறையில் எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டராகப் பதிந்தவரா என்று முதலில் கேளுங்கள். பதியாதவர் தரும் கடிதத்துக்கு மதிப்பு குறைவு.

அனுபவக் கடிதத்தில் "2020 முதல் வேலை பார்த்தார்" என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். என்னென்ன செய்தார் என்று இருக்கவேண்டும்: டி.பி. போர்டு மாற்றியது, எர்த் லீக்கேஜ் சோதித்தது, இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் அளந்தது, கீசர் சர்க்யூட் இழுத்தது. ஜாப் கார்டு, இன்வாய்ஸ் நகல், அவர் வேலை செய்யும் படங்கள், எல்லாம் தேதி வாரியாக ஒரு ஃபைலில்.

இன்னொரு பெரிய பள்ளம்: வீட்டு வயரிங் மட்டும் தெரிந்தவர் டிரேட் டெஸ்ட்டில் மோட்டார் கண்ட்ரோலில் விழுவார். மோட்டாரை இரு திசையிலும் சுற்றவைக்கும் ஃபார்வர்டு ரிவர்ஸ் ஸ்டார்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கான்டாக்டர் (மின்காந்த சுவிட்ச்). ஒன்றின் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) வரும் லைன், மற்றதன் மூடியிருக்கும் ஆக்ஸிலரி கான்டாக்ட் வழியாகப் போகவேண்டும். அந்த இன்டர்லாக்கை விட்டால் இரண்டும் ஒன்றாக இழுத்து, இரண்டு ஃபேஸ் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் நிரூபிக்காமல் போர்டில் கை வைத்தால் தேர்வில் அங்கேயே கதை முடிந்தது. பழைய கான்டாக்டர் இரண்டு, ஓவர்லோடு ரிலே ஒன்று, புஷ் பட்டன் மூன்று வாங்கி, ஒரு பலகையில் மாட்டி, கண்ட்ரோல் சர்க்யூட்டை மட்டும், மெயின் சப்ளை கொடுக்காமல், மல்டிமீட்டரால் தொடர்ச்சி பார்த்துப் பழகலாம். மச்சான் பக்கத்தில் இருக்கட்டும்.

ரெட் சீல் (டிரேட் டெஸ்ட் தேறியவருக்கான சான்றிதழ்) கிடைத்ததும் சி.ஓ.சி.யில் (வயரிங் விதிப்படி சரி என்ற சான்றிதழ்) கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று எண்ணவேண்டாம். 2009 விதிகளின்படி அதற்குத் தனியாக இன்ஸ்டாலேஷன் ரூல்ஸ் தேர்வு எழுதி, பதிவு வாங்கவேண்டும். சான்ஸ் 10142-1 என்ற வயரிங் விதிப் புத்தகம்தான் அதற்கு அடிப்படை. சொந்தமாகத் தொழில் செய்து காசு பார்க்கப்போவது அந்தப் பதிவுக்குப் பிறகுதான், அதனால் அந்தச் செலவையும் நேரத்தையும் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

காலேஜ்_வாசல் பதில்:

அரசு டிவெட் காலேஜை (தொழிற்கல்விக் கல்லூரி) ஏன் யாரும் சொல்லவில்லை? டர்பனில் தேக்வினி, கோஸ்டல், எலங்கேனி மூன்றும் இருக்கின்றன. பழைய என்1 முதல் என்3 வரையான தொழில்நுட்பப் படிப்புகளைப் படிப்படியாக நிறுத்திவருகிறார்கள், அந்த இடத்தில் ஆக்குபேஷனல் சர்டிபிகேட் (தொழில்வழிச் சான்றிதழ்) வருகிறது. எந்த கேம்பஸில் எலெக்ட்ரீஷியனுக்கு இடம் உண்டு, வேலைப் பயிற்சிக்குக் காலேஜே கம்பெனி பிடித்துத் தருமா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

என்எஸ்ஃபாஸ் (அரசின் மாணவர் நிதியுதவி) உதவிக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000க்குள் இருக்கவேண்டும். உங்கள் 21,500ஐப் 12ஆல் பெருக்கினால் 258,000, உள்ளே வந்துவிட்டீர்கள். ஆனால் அவர்கள் பார்ப்பது சார்ஸில் இருக்கும் பழைய கணக்கு. அதில் அவருடைய 144,000உம் சேர்ந்து 402,000 என்று நிற்கும். முதல் பதில் "மறுப்பு" என்று வந்தால் மனம் விட்டுவிடாதீர்கள். வருமானம் குறைந்தது என்ற காரணத்தில், ஆட்குறைப்புக் கடிதத்தோடும் யூ.ஐ.19 நகலோடும் 30 நாளுக்குள் அப்பீல் போடவேண்டும். அந்த 30 நாளைத் தவறவிடுவதுதான் பெரிய நஷ்டம். தனியார் காலேஜுக்கு இந்தப் பணம் வராது.

என்எஸ்ஃபாஸ் அலவன்ஸ் வருடத் தொடக்கத்திலேயே வந்துவிடும் என்று நம்பிக் கணக்குப் போடவேண்டாம். ஜனவரியில் யூனிஃபார்ம், புத்தகம், அதோடு தைப்பூச விரதம், காவடிச் செலவு எல்லாம் ஒன்றாக வரும் மாதம். வீட்டிலிருந்து காலேஜுக்கு டாக்ஸிக் காசு மூன்று மாதத்துக்கு தனியாக எடுத்து வையுங்கள். வருகை 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அலவன்ஸும் போகும், தேர்வும் போகும்.

தனியார் பக்கம் போவதானால் ஒரு எச்சரிக்கை. சீட்டாவின் பழைய வகைப் படிப்புகளில் புதிதாகச் சேர்வதற்கான கடைசி நாள் 2024 ஜூன் 30. இப்போதும் அதற்கு ஆள் சேர்த்துப் பணம் வாங்கினால் அந்தச் சர்டிபிகேட் கிடைக்காது. அங்கீகாரக் கடிதத்தில் கியூ.சி.டி.ஓ. (தொழிற்படிப்புத் தர கவுன்சில்) பெயரும், படிப்பின் சாக்வா எண்ணும் (தகுதிப் பதிவு எண்), அந்தக் கிளையின் முகவரியும் இருக்கவேண்டும். வேறு ஊர்க் கிளைக்கு வாங்கிய அங்கீகாரத்தை இங்கே காட்டுகிறவர்கள் உண்டு.

பீனிக்ஸ்_வாசி:

அண்ணாமார்களுக்கு மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. யூ.ஐ.எஃப். வாங்கிக்கொண்டே முழுநேரம் படிக்கலாமா? என் ஆபீஸில் ஊழியருக்கு பர்சரி (படிப்பு உதவித்தொகை) உண்டு, அது அவருக்கும் கிடைக்குமா?

உம்பிலோ_கணக்கர்:

வேலைக்குத் தயாராக இருக்கிறார் என்பதுதான் யூ.ஐ.எஃப். நிபந்தனை. பகல் முழுக்க வகுப்பில் இருப்பவர் அதை நிரூபிக்க முடியாது, மறைத்தால் பின்னால் திருப்பிக் கேட்பார்கள். அதனால் டிவெட் முழுநேர இடம் கிடைக்கும் வரை யூ.ஐ.எஃப்., அதற்குப் பின் என்எஸ்ஃபாஸ் என்று வரிசைப்படுத்துங்கள். மாலை வகுப்பு என்றால் சிக்கல் குறைவு. வகுப்பில் சேரும் முன்பே லேபர் சென்டரில் சொல்லிவிடுங்கள்.

ஆபீஸ் பர்சரி விஷயம் நல்ல கேள்வி. வரிச் சட்டத்தில் உறவினர் என்றால் கணவரும் அடக்கம். உங்கள் சம்பளம் 600,000க்குள் இருப்பதால், எலெக்ட்ரீஷியன் போன்ற என்.கியூ.எஃப். (நாட்டின் படிப்புத் தர நிலை) 4 படிப்புக்கு ஆண்டுக்கு 20,000 வரை, 5 முதல் மேல்நிலைகளுக்கு 60,000 வரை வரியில்லாமல் தரலாம். உங்கள் சம்பளத்தில் வெட்டி அதையே பர்சரியாகக் கொடுத்தால் மட்டும் விலக்கு இல்லை, 2021 மார்ச் முதல் அப்படி. எச்.ஆரிடம் "கணவருக்கு" என்று வாய்திறந்து கேளுங்கள். பாலிசியில் பிள்ளைகள் என்று மட்டும் எழுதியிருந்தாலும் சட்டம் தடுக்கவில்லை.

சிவப்பு_முத்திரை:

ஒன்று விட்டுப்போயிற்று. மச்சானோ வேறு கான்ட்ராக்டரோ தயங்கினால் வருமானவரிச் சட்டத்தின் 12எச் பிரிவு பற்றிச் சொல்லுங்கள். 2027 மார்ச் 31க்குள் சீட்டாவில் பதிந்த ஒப்பந்தத்துக்கு, வருடத்துக்கு 40,000 ராண்ட் கூடுதலாக அந்தக் கான்ட்ராக்டருடைய வரிக்குரிய வருமானத்தில் கழியும். பயிற்சியை முடித்த பிறகு, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு முழு வருடத்துக்கும் இன்னொரு 40,000. வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு இது கிடையாது. பதிவு எண் வந்த கடிதத்தின் நகலை நீங்களும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், டிரேட் டெஸ்ட் விண்ணப்பத்தில் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.