புதுப்பிப்பு: பெட்டியை நடுவிலேயே எடுக்க வேண்டியிருந்தது

அமெரிக்காவுக்குக் குடிபெயர்கிறேன், சிகாகோவில் இறங்கி டென்வருக்கு விமானம் மாற வேண்டும், குடியேற்றச் சோதனையும் சுங்கமும் எந்த ஊரில், இரண்டரை மணி நேரம் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வந்து சேர்ந்துவிட்டேன். "முதலில் இறங்கும் ஊரில்தான்" என்று சொன்னவர்கள் சொன்னதே சரி.

பெட்டியில் டென்வர் வரை டேக் ஒட்டியிருந்ததால் அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று அசட்டையாக இருந்தேன். அது நடக்காது. குடியேற்ற வரிசையிலேயே ஒன்றரை மணி நேரம் போனது. அப்புறம் மூன்று பெட்டிகளையும் பெல்ட்டிலிருந்து இழுத்து, சுங்கத்தைக் கடந்து, வெளியே இருந்த கவுன்டரில் திரும்ப ஒப்படைத்தேன். உள்நாட்டு விமானத்துக்கு வேறு டெர்மினல். ரயில் ஏறி, மறுபடி பாதுகாப்புச் சோதனை. வழியில் வாங்கிய வாசனைத் திரவியம் 100 மில்லிக்கு மேல். பெட்டியை ஒப்படைக்கும் முன்பே அதற்குள் திணித்ததால் தப்பியது.

கப்பலில் தனியாக வரும் வீட்டுச் சாமான்களுக்கு 3299 என்ற படிவம் உண்டு. பட்டியலைக் கைப்பையில் வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை.

ஐரோப்பாவுக்குள்ளேயே விமானம் மாறி இன்னொரு ஊருக்குப் போகிறவர்கள் குழம்ப வேண்டாம்: ஷெங்கன் பகுதியில் (தங்களுக்குள் பொதுவாக எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகள்) பாஸ்போர்ட் சோதனை முதல் ஊரில், பெட்டிக்கான சுங்கம் பெரும்பாலும் கடைசி ஊரில்.

விமானத்தைப் பிடித்தேனா? கதவை மூடப் பத்து நிமிடம் இருந்தது.