5.4 லிட்டர் வி8: நான்காவது ஸ்பார்க் பிளக் அரைச் சுற்றுக்கு மேல் வரமாட்டேங்குது

பிக்கப் டிரக், 2006 மாடல், 5.4 லிட்டர் வி8, சிலிண்டருக்கு 3 வால்வு. 1,60,000 கிலோமீட்டர் ஓடியது, பிளக் மாற்றியதே இல்லை. இந்த எஞ்சினின் பிளக் இரண்டு துண்டைச் சேர்த்துச் செய்தது. கீழே நீண்டிருக்கும் மெல்லிய குழாயைச் சுற்றிக் கரி இறுகிவிடும். அவசரப்பட்டுத் திருகினால் மேல்பகுதி மட்டும் கையோடு வரும், குழாய் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிடும்.

ஏழு பிளக் முழுசாக வந்துவிட்டன. வராமல் சிக்கியிருப்பது நான்காவது, ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்பு) ஓரத்தில் இருப்பது.

இதுவரை செய்தது: எஞ்சின் முழுக்க ஆறியபின் பிளக் இருக்கும் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, கார்புரேட்டர் கிளீனர் அரை டீஸ்பூன் விட்டு 15 நிமிடம் காத்திருந்தேன். பிறகு 9/16 சாக்கெட்டில் முன்னும் பின்னுமாக ஆட்டல். அசையாததால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு இரவு ஊறப்போட்டாச்சு. (அதிகம் ஊற்றவில்லை, சிலிண்டரில் தேங்கினால் அது வேறு வம்பு.) இம்பாக்ட் கன் (அதிர்வோடு வேகமாகத் திருகும் கருவி) பக்கமே போகவில்லை.

இப்போது நிலை: அரைச் சுற்று வரை கீச்சுச் சத்தத்தோடு வருகிறது. அதன்பின் டார்க் ரெஞ்ச் (திருகும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) 33 பவுண்டு-அடியைத் தொடுகிறது, உடனே நிறுத்திவிடுகிறேன். திரும்ப இறுக்கினால் லேசாகப் போகிறது.

உடைந்த குழாயை உருவும் டூல் கையில் இருக்கிறது. இன்னும் ஊறவைத்து ஆட்டிக்கொண்டே இருப்பதா, உடைந்தாலும் பரவாயில்லை என்று 33-ஐத் தாண்டித் திருகிவிட்டு டூலால் உருவுவதா?